கொடிக்குப் பந்தல், பந்தலுக்கு ஏணி

என் ஏணியில் ஏறி நின்றுகொண்டு, என் வீட்டுக் கொடியை வெட்டப்போவதாக என்னிடமே சொன்னார் அந்த மனுஷன். நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை காலை, பல்கூட விளக்கவில்லை, கொல்லைப்புறக் கதவைத் திறக்கிறேன், பின்சுவருக்கு மேலே கழுத்து வரைக்கும் கணக்கு சார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லாரையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்.

“லைன்மேன், உங்க திராட்சைக் கொடி என் கூரைத் தண்ணிக் குழாயை அடைச்சுடுச்சு. நேத்து மழையில தண்ணி பூரா என் சமையலறைக்குள்ள. சுவர்ல விரிசல் வேற. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி வரைக்கும் டைம். அதுக்கு மேல ரம்பத்தை எடுத்துட்டு வந்து நானே வெட்டிடுவேன்.”

“அது வேர் விட்டிருக்கிறது எங்க மண்ணுல சார்.”

“வேர் உங்களோடது. சுவர் மேல கிடக்கறது என்னோடது. அதை வெட்டினா உங்களுக்கு மிச்சம் ஒரு முழக் குச்சி. வச்சுக்குங்க.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக அந்தக் கொடி வளர்ந்ததெல்லாம் அவர் சுவர் மேலேயும் அவர் கூரை மேலேயும்தான். எங்கள் பக்கம் பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் நியாயம் பேசுகிற ஆள் ஏறி நிற்கிற ஏணி என்னுடையது என்றால் வயிறு எரியாதா?

“சனிக்கிழமை சாயந்திரம் உங்க சுவர் மேல ஒரு இலை இருக்காது. நான் பந்தல் போட்டு எல்லாத்தையும் இந்தப் பக்கம் இழுத்துக்கறேன்.”

அவர் என் இடது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “யாரு, நீங்களா?” என்றார்.

அவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஆள் வைத்துப் போட்டிருப்பேன். அந்த ‘நீங்களா’தான் என்னைக் கிளப்பிவிட்டது.

என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தோரு வருஷம் மின்கம்பம் ஏறினவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே போய் இடுப்புப் பட்டையை மாட்டுவதற்கு நாலு படி இருந்தது. விழுந்தேன். இடது தோள் நொறுங்கிவிட்டது. இப்போது அந்தக் கை காது உயரத்துக்கு மேலே போகாது. கனமான எதையும் பிடிக்காது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ‘கால் வழுக்கிவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டிலும் அதையேதான் சொன்னேன்.

அன்றிலிருந்து எனக்கு வேலை உட்காருவது. “உக்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்.” “உக்காருங்கப்பா, விழுந்துடப்போறீங்க.” என் மகள் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவள். எனக்கும் ஒன்று போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டாள். மாத்திரைக்கு நேரம், நடைக்கு நேரம், படுக்கைக்கு நேரம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வீட்டிலிருந்த அலுமினிய மடக்கு ஏணியைத் தூக்கிக் கணக்கு சாருக்குக் கொடுத்துவிட்டாள். கண்ணில் பட்டால் ஏறிவிடுவேனாம். நாற்பது கிலோமீட்டர் லைனுக்குப் பொறுப்பாக இருந்தவனைக் கொண்டுவந்து நாற்காலியில் நட்டுவிட்டார்கள்.

அந்தக் கொடிக்கும் அதே வயதுதான். ஆஸ்பத்திரியின் பின்பக்க வேலியில் திராட்சையைக் கழித்துப் போட்டிருந்தார்களாம். அதிலிருந்து ஒரு குச்சியை என் மனைவி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். என்னைக் கட்டிலில் படுக்க வைத்த கையோடு, கொல்லையில் போய்க் குச்சியை நட்டாள். எதுக்கு என்று கேட்டதற்கு, “சும்மா, பொழைக்குதான்னு பார்ப்போம்” என்றாள். அவ்வளவுதான் பேசுவாள் அவள். மூன்று வருஷத்தில் ஒரு காய் காய்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் போய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

“என்னங்க, முடியுமா?” என்றாள் அன்றைக்கு.

“முடியாதுன்னு நீயும் சொல்லப்போறியா?”

“நான் மண் அள்ளிப் போடறேன்னு சொல்ல வந்தேன்” என்றாள்.

மகள் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினதும் கடப்பாரையை எடுத்தேன். இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம். அகலப்பக்கம் இரண்டிலும் மூன்று மூன்றாக ஆறு குழி. ஒவ்வொன்றும் இரண்டரை அடி ஆழம். வலது கையால் கடப்பாரையைத் தூக்கிப் போடுவேன், இடது கை சும்மா துணைக்கு. பத்துக் குத்துக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்குவேன். மனைவி ஒரு பழைய பெயிண்ட் டப்பாவால் மண்ணை அள்ளி வெளியே கொட்டினாள். சாயங்காலம் ஆறாவது குழி முடிகிற நேரத்தில் மகள் வந்து நின்றாள்.

“என்னப்பா இது?”

“குழி.”

“குழின்னு கண்ணுக்குத் தெரியுது. எதுக்கு?”

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு போன் போட்டா ஆள் வந்து அரை மணியில வெட்டிட்டுப் போயிடுவான். மூணு வருஷமா ஒரு காய் காய்க்காத கொடிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? அன்னைக்கும் இப்படித்தான், எல்லாம் எனக்குத் தெரியும்னு கவனமில்லாம ஏறி விழுந்தீங்க. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தது நானும் அம்மாவும்தான்…” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கவனமில்லாமல் என்ற அந்த ஒரு வார்த்தையை மூன்று வருஷமாகக் கேட்கிறேன். ஒவ்வொரு தரமும் சுருக்கென்று தைக்கும். அன்றைக்கும் தைத்தது. கடப்பாரையில் ஒட்டின மண்ணைச் சுரண்டினேன்.

“சரி, போடுங்க” என்றாள் கடைசியில். “ஆனா ஏணி கிடையாது. ஏணியில ஒரு படி ஏறினீங்க, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். சத்தியமா சொல்றேன்.”

“ஏற மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தேன். எங்கே போய் ஏறுவது? ஏணிதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே.

செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்கடையிலிருந்து ஆறு தண்ணீர்க் குழாய்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பத்தடி. நட்டது போக ஏழரை அடி மேலே நிற்கும். உச்சியில் கம்பி போக வளையங்களைக் கடையிலேயே பற்றவைத்துக் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். குழாயை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, ஜல்லியும் சிமெண்டும் போட்டு இடித்தோம். குழாய்கள் ஆறையும் கொஞ்சம் வெளியே சாய்த்து நட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் தரையில் ஆணி புதைத்து இழுவைக் கம்பி கட்டினேன். எங்கள் தொழிலில் அதை ஸ்டே என்போம். கம்பி உள்ளே இழுக்கும்போது கம்பத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது அதுதான். கணக்கு சார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஊருக்குக் கரண்ட் குடுக்கப்போறீங்களா?” என்றார்.

“உங்க வீட்டுக்கு மட்டும் கிடையாது சார்” என்றேன். தலை உள்ளே போய்விட்டது.

வியாழன் வரை சிமெண்ட் இறுக விட்டோம். வெள்ளிக்கிழமை கம்பி. முக்காலி மேல் நின்று வளையத்துக்குள் கம்பியை நுழைத்து, இரண்டு நுனியையும் கீழே தரைக்குக் கொண்டுவந்தேன். நுனியில் டர்ன்பக்கிள் என்கிற திருகு. நடுவிலே ஒரு கட்டம், அதைச் சுற்றச் சுற்ற இரண்டு பக்கமும் கம்பி இழுபடும். தரையில் நின்றபடியே முறுக்கிக்கொள்ளலாம், ஏணி வேண்டாம். ஒரு கை இல்லாவிட்டாலும் மூளை இருக்கிறதல்லவா? நீளவாட்டில் இரண்டு ஓரமும் நடுவிலும் மூன்று கம்பி. குறுக்குக் கம்பிகளை ஓரத்துக் கம்பிகளில் தரையிலேயே கட்டித்தான் ஏற்றினேன். நடுக் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும், அது எனக்கு முடியவில்லை. பரவாயில்லை, நிற்கும் என்று விட்டேன். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மூன்று கம்பியும் ஒரே அளவாக, ஒரு சாண் தொய்வோடு, லட்சணமாகத் தொங்கின. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை கொடியை இறக்கினோம். அதன் சுருள்கள் ஓட்டுச் சந்தில், குழாய் வளைவில், விரிசலில் எல்லாம் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகக் கத்தரித்து, கிளையை ஒடியாமல் இழுத்து, ஒரு கவட்டைக் கழியால் தூக்கிக் கம்பி மேல் போட்டோம். பாதிக் கொடி எங்கள் பக்கம் வந்துவிட்டது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம்தான். விட்டதும் போய்ப் பார்த்தால் பந்தல் நடுவே பானை வயிறு மாதிரித் தொங்குகிறது. இலை என் மார்பில் இடிக்கிறது. ஓரத்துக் கம்பிகளும் சேர்ந்து உள்ளே இழுபட்டு நின்றன.

மகள் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள். வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள், “போதும்ப்பா. உள்ள வந்து உக்காருங்க” என்றாள், மெதுவாக. அந்த மெதுவுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு கம்பமாகப் போய்த் தட்டிப் பார்த்தேன். கம்பம் ஒன்றும் அசையவில்லை. ஸ்டே ஒன்றும் தளரவில்லை. எதில் தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.

என் மனைவிதான் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். “எதுக்கு இவ்ளோ தொளதொளன்னு விட்டீங்க?”

“தொய்வு விட்டுத்தான் ஆகணும். இழுத்துக் கட்டினா குளிர்ல கம்பி சுருங்கி அறுந்துடும்.”

“அது கரண்ட் கம்பிக்கு. முப்பது வருஷமா சாப்பிடும்போதெல்லாம் சொல்லியிருக்கீங்க. இதுக்கு மேல நூறு கிலோ கொடி உக்காரப்போகுது. துணி காயப்போடற கொடிகூட இதைவிட விறைப்பா இருக்கும்.”

என் முகத்தில் ஈயாடவில்லை. கை தன்பாட்டுக்குப் பழைய வேலையைச் செய்திருக்கிறது. ஒரு சாண் தொய்வை அளந்து, அதை ரசித்துவிட்டு வேறு போய்ப் படுத்திருக்கிறேன், மடையன். அவளோ ஒரு கம்பம்கூட ஏறாதவள்.

திருகை முறுக்கினால் கம்பி ஏறும், ஆனால் நடுவே குறுக்குக் கம்பிகளை மேலே கட்டாவிட்டால் அடுத்த மழைக்கே மறுபடி தொங்கும். அதைக் கட்ட ஏழரை அடி உயரத்துக்கு இரண்டு கையும் எட்ட வேண்டும். முக்காலியில் நின்றால் அவளுக்கும் எட்டாது. ஏணி வேண்டும். இருட்டுகிற வரைக்கும் யோசித்தும் வேறு வழி தோன்றவில்லை. பாதிக் கொடி இன்னும் அவர் சுவர் மேலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு நிமிஷம் முன்பின் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. ஏணியின் தலை இரண்டடி மேலே தெரிந்தது. பிறகு கணக்கு சாரின் தலை.

“என்ன லைன்மேன், ஒரு இலை இருக்காதுன்னீங்க?”

“இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க சார். ஏணியையும் குடுங்க. முடிச்சுடறேன்.”

“ஏணி உங்க பொண்ணு எனக்குக் குடுத்தது. எதுக்குக் குடுத்தாங்கன்னும் எனக்குத் தெரியும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். காய்க்காத கொடி, விட்டுத் தொலைங்க.”

என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. “காய்க்காததை எல்லாம் வெட்டணும்னா சார், மூணு வருஷமா இவரும்தான் வீட்டுல சும்மா இருக்காரு. இவரை என்ன செய்யறதாம்?” என்று கேட்டாள்.

 எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரம்பத்தை எடுத்துட்டு வர்றேன்” என்று முனகிக்கொண்டே அவர் இறங்கினார்.

அவர் செருப்புச் சத்தம் அவர் வீட்டுக்குள் போகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறினாள். சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஏணியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. “என்னங்க, வாயைப் பிளக்காதீங்க, பிடிங்க!” என்றாள். பிடித்தேன். அலுமினிய ஏணி சுவரை உராய்ந்துகொண்டு சர்ரென்று எங்கள் பக்கம் வந்து விழுந்தது.

“அம்மா! அம்மா! என்ன இது? ஏணி என்னோடது!” அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

“ரசீது இருக்கா சார்?” என்று இந்தப் பக்கமிருந்து கத்தினேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. திருட்டு மாங்காய் அடித்தவனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏணியை விரித்துப் பந்தல் நடுவில் நிறுத்தினோம். நான் படியைத் தொட்டதுமே அவள் என் கையைத் தட்டிவிட்டாள். “வாக்குக் குடுத்திருக்கீங்க. தள்ளுங்க.” கம்பி முறுக்கும் குறட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். கூச்சல் கேட்டு மகள் ஓடி வந்தபோது அம்மா ஐந்தாவது படியில் இருந்தாள்.

“அம்மா! பைத்தியமா உனக்கு? இறங்கு! அப்பா, இறங்கச் சொல்லுங்கப்பா!”

“முப்பது வருஷம் இவர் மேல ஏறினாரு, நான் வாசல்ல நின்னு தெருவைப் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றாள் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். “இன்னைக்கு நான் ஏறறேன். கீழ இருக்கறது எப்படி இருக்குன்னு இவரும் பார்க்கட்டும். நீ அங்க நின்னு கத்தாம அந்தத் திருகைப் பிடிச்சுச் சுத்து. அவருக்கு ஏணி பிடிக்கத்தான் கை இருக்கு.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஏணியின் காலை வலது கையால் அணைத்துப் பிடித்து, இரண்டு பாதத்தையும் அடிப்படியில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தேன். “வலப்பக்கமா சுத்தும்மா” என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். சுற்றினாள். கம்பி முனகிற்று. என் மார்பில் இடித்த இலைகள் தலைக்கு மேலே போயின. இன்னும் சுற்றினாள். ஒரு கம்பி முடிந்ததும் அவளாகவே அடுத்ததற்குப் போனாள், நான் சொல்லவில்லை. மேலே அவள் அம்மா குறுக்குக் கம்பியை இழுத்து நடுக் கம்பியில் சுற்றிச் சுற்றி முறுக்கினாள். என்னை மாதிரி அழகாக முறுக்கவில்லை. ஆனால் யானையைக் கட்டினாலும் அவிழாது.

அவள் ஒவ்வொரு தரம் எட்டும்போதும் அவள் உடம்பின் ஆட்டம் ஏணி வழியாக என் கைக்கு வந்தது.  கம்பத்தின் மேலே இருந்த காலத்தில் ஒருநாளும் நான் அப்படிப் பயந்ததில்லை.

கணக்கு சார் எதன் மேலோ ஏறி, மறுபடி தலை தெரிய நின்றார். கையில் ரம்பம். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பந்தலைப் பார்த்தார்.

“அந்தச் சுருளை மட்டும் வெட்டி விடுங்க சார்” என்றாள் என் மனைவி மேலிருந்து. “கிளையில கை வைக்காதீங்க.”

 அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலுக்குக் குரல் கொடுத்தார். மிச்சக் கொடி முழம் முழமாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது.

பன்னிரண்டு மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது. சுவர் மேல் ஒரு இலை இல்லை. இன்னும் நாலு முடிச்சு பாக்கி. மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டாள்.

“ரெண்டு மணி நேரமா நிக்கறீங்க. உக்காந்துக்கிட்டே பிடிங்கப்பா. அம்மா இறங்கற வரைக்கும்தானே.”

“மேல ஆள் இருக்கும்போது கீழ இருக்கறவன் உக்காரக்கூடாதும்மா. அது எங்க தொழில்ல சட்டம்.”

“இது உங்க ஆபீஸ் இல்லப்பா. ரெண்டு நிமிஷம் உக்காந்தா என்ன ஆயிடப்போகுது?”

மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு என்னோடு வந்த உதவியாளுக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். அவன் வேலை போய்விடும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். மேலே இருப்பவளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“எனக்கு கால் வழுக்கலம்மா. அன்னைக்கு என் ஏணியைப் பிடிச்சிருந்தவன் ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டான்.”

 மேலே குறடு நின்றுவிட்டது. பிறகு மகள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் போட்டுவிட்டு வந்தாள். வந்து, ஏணியின் அடுத்த காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ கட்டும்மா” என்றாள் மேலே பார்த்து. “நாங்க நிக்கறோம்.”